திருப்பூரில் முதல் வாடகைச் சீட்டு

கல்லூரிப் பரீட்சை முடிந்து பட்டம் கைக்கு வந்த வாலிபர்கள் வருஷந்தோறும் கையில் ஒரு பெட்டியுடன் திருப்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை முதலிய ஜில்லாக்களிலிருந்து வருவோர் பலர். சிக்கண்ணா அரசுக் கலைக் கல்லூரியிலும், முதலிபாளையத்திலுள்ள நிட்வேர் கல்லூரியிலும் இங்கேயே படித்துப் பிறகு வேலைக்கும் இங்கேயே தங்கிவிடுவோர் சிலர். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகவோ, தரம் பார்ப்பவராகவோ, கணக்கராகவோ வேலை கிடைத்துவிடுகிறது. நாளை முதல் எங்கே தங்குவது என்பதுதான் அவர்கள் எதிரில் நிற்கும் முதற் கேள்வி.

தேசத்தின் பெரும் பிரச்னைகள் பல எதிரில் நிற்கையில், ஒரு வாலிபன் எந்தத் தெருவில் அறை பிடிக்கிறான் என்பதைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வாடகை வீடு பிடிப்பது ஒருவனுடைய சொந்த விவகாரம் என்பது அவர்கள் எண்ணம். நமது அபிப்பிராயம் வேறு. படித்த வாலிபன் தன் பெயரில் செய்துகொள்ளும் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் வீட்டு ஒப்பந்தமேயாகும். அதை அவன் எவ்விதம் செய்துகொள்கிறானோ, அவ்விதமே பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் படிக்காத தொழிலாளியின் கதியும் அமைகிறது. இதை விளக்குவதே நமது நோக்கம்.

திருப்பூர் வந்தேறிகளால் வளர்ந்த ஊர். 2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்நகரத் தொகுதியில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் இருந்தனர். 2011-ல் அத்தொகை ஒன்பது லட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டது. 2008-ல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. 2009-ல் திருப்பூர் தனி ஜில்லாவின் தலைநகரமாயிற்று. 2011-ல் வேலம்பாளையமும் நல்லூரும் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டன. எல்லை விரிந்தது, கம்பெனிகளும் பெருகின. ஆனால், வருகிற மக்களுக்கு வீடு எங்கே என்ற கேள்வியைப் பொதுக் காரியமாக எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்தை மனையாக்கி, அதில் எட்டு அறை, பத்து அறை கொண்ட லைன் வீடுகளைக் கட்டிய தனி மனிதர்களே அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். அவர்கள் கட்டியவைதான் வீடுகள். அவர்கள் சொன்னதுதான் நிபந்தனை. இந்நிலையில் வந்து சேரும் வாலிபன் அவசரப்படாமல் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்வது அவசியமாகும்.

முதலாவது, வாடகை மட்டுமே செலவு என்று எண்ணலாகாது. ஓர் உதாரணம் சொல்லுவோம். ஒரு வாலிபனுக்கு அவினாசி ரோட்டுப் பக்கத்தில் வேலை என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு அருகிலுள்ள அறைக்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள். பல்லடம் ரோட்டைத் தாண்டிய ஒரு புறநகரில் 4,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று அவன் மகிழ்கிறான். ஆனால் திருப்பூர் நகரம் ரயில் பாதையால் இரு கூறாகப் பிரிந்து கிடப்பது. தெற்கே நொய்யலும் குறுக்கிடுகிறது. பாலங்களின் வழியாகக் காலையிலும் இரவிலும் ஊர் முழுதும் நகர வேண்டியிருக்கிறது. போக வர ஒன்றரை மணி நேரம் என்றால், மாதம் இருபத்தாறு நாட்களுக்கு முப்பத்தொன்பது மணி ஆகிறது. பெட்ரோலுக்கு 1,300 ரூபாய் போனால் மீதி 700 ரூபாய். அதாவது, மணிக்குப் பதினெட்டு ரூபாய்கூடப் பெறாமல் தன் இளமைக் காலத்தை அவன் ரோட்டிலே விற்கிறான். ஷிப்மெண்டு நெருங்கினால் இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்ப முடியாத தொழில் இது. தூக்கமின்றி வண்டி ஓட்டுவதன் அபாயத்தைக் கணக்கில் எழுத ரூபாய் அணா கிடையாது.

ஆதலால் வேலை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையிலேயே வீடு தேடுவது விவேகம். அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், திருமுருகன்பூண்டி ஆகியவை அவினாசி ரோட்டுக் கம்பெனிகளுக்கு ஏற்றவை. ஈட்டிவீரம்பாளையத்து நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் வேலை செய்வோருக்குப் பெருமாநல்லூர்ப் பக்கம் வசதியாகும். காதர்பேட்டையில் வேலை என்றால் ரயில் நிலையத்தை நடந்து எட்டும் தூரத்தில் ஒரு சிறிய அறை போதும், வண்டியே வேண்டாம். வீட்டைப் பார்க்கப் போகும் நேரமும் முக்கியமானது. ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லா ரோடும் அகலமாகவே தோன்றும். வேலை நாளில், காலை எட்டு மணிக்கு, அங்கிருந்து கம்பெனிக்கு ஒரு முறை போய்ப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். கொங்கு நாட்டில் வீடு பார்ப்பவன் முதலில் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பெரியோர் சொல்வதில் காரணம் இருக்கிறது. நொய்யலையும் அதன் சுற்றுப்புறத்து நிலத்தடி நீரையும் சாயக்கழிவு எவ்வளவு கெடுத்தது என்பதை உலகம் அறியும். கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கத் தவறிய சாயப்பட்டறைகளைச் சென்னை ஹைக்கோர்ட்டு 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, ஆற்று நீரைக் குழாய் மூலம் கொண்டுவரும் பெருந்திட்டம் தனியார் பங்குடன் நிறைவேறியது. ஆயினும் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை நல்ல தண்ணீர் வருகிறது, மற்ற நாட்களில் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர்தானா, குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா என்பவற்றை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேட்பதே மேல்.

மின்சாரக் கணக்கும் அவ்வாறே. வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கிச் சர்க்கார் 2016-ல் உத்தரவிட்டது. ஆனால் பல அறைகளுக்கு ஒரே இணைப்பை வைத்து, உள்ளே சிறு மீட்டர்களைப் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை நிர்ணயித்து வசூலிக்கும் வழக்கமும் உண்டு. அவ்விடத்தில் சர்க்கார் அளித்த சலுகை குடியிருப்பவன் கைக்கு வந்து சேர்வதில்லை. அறைக்குத் தனி இணைப்பு உண்டா என்ற ஒரு கேள்வி, மாதத்துக்குச் சில நூறு ரூபாயைக் காப்பாற்றக்கூடும்.

மூன்றாவது, கம்பெனி ரூம். வாடகையில்லை, முன்பணமில்லை, நடந்தே வேலைக்குப் போகலாம் என்று இதனைப் புகழ்வார்கள். புதிதாக வந்தவனுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் இது நிழலாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை போகிற தினமே வீடும் போகிறது. வேலை செய்பவர்களுக்கு உத்தியோக நிபந்தனையின்படி ஸ்தாபனம் கொடுக்கும் இடங்களுக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்பதை வாலிபர்கள் அறிந்திருத்தல் நலம். உறைவிடமும் ஊதியமும் ஒருவர் கையிலேயே இருக்குமானால், அதிக நேரம் வேலை செய்ய முடியாது என்று சொல்லும் துணிவு எவருக்கும் வராது. இந்த வட்டாரத்து நூல் ஆலைகள் சிலவற்றில், சுமங்கலித் திட்டம் என்ற அழகிய பெயரில், இளம் பெண்களை ஆலை விடுதியிலேயே வைத்து, மூன்று வருஷத்துக்குப் பின் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய கதையை நாம் மறந்துவிடலாகாது. அங்கே கட்டுண்டவர்கள் படிக்காத ஏழைப் பெண்கள். பட்டதாரி ஒருவன் தெரிந்தே அதே கட்டில் தலை நீட்டுவது தகுமா?

நான்காவதும் முக்கியமானதும் ஒன்று உண்டு. திருப்பூரில் வீடு எடுப்பவன், அதை விட்டுப் போகவும் முடியுமாறு எடுக்க வேண்டும். இந்த ஊர்த் தொழில் கடல் கடந்த சந்தையை நம்பியது. 2008-ல் மேனாட்டுப் பொருளாதாரம் சரிந்தபோதும், 2011-ல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020-ல் ஊரடங்கு வந்தபோதும் இங்கே வேலை குறைந்தது. 2025-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்தச் செய்தியைக் கேட்டு முதலில் கலங்கிய ஊர்களில் திருப்பூரும் ஒன்று. வாஷிங்டனில் ஒருவர் இட்ட கையெழுத்தால் காங்கேயம் ரோட்டில் ஒருவன் வேலையிழக்கக்கூடிய இடத்தில், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, அது எப்பொழுது திரும்பி வரும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருப்பது எத்தகைய பேதைமை!

இங்கேதான் சட்டம் வருகிறது. யுத்த காலத்தில், 1941-ல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு முதன்முதலில் பிறந்தது. பின்னர் 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களின் சட்டங்கள் அதன் வழியே வந்தன. அவற்றுக்கெல்லாம் முடிவு கட்டி, 2017-ல் நிறைவேறி 2019-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்ததே இப்போதுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். வீட்டுக்காரர், குடியிருப்பவர் இரு சாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் அது வகுக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வீடு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அவ்வொப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமான உடன்பாடு இல்லாதவரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வீட்டைக் காலி செய்தபின், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சச்சரவு எதுவாயினும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது.

இதில் “வேறு விதமான உடன்பாடு” என்ற சொற்களை வாலிபர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சட்டம் ஒரு கையால் கொடுத்த பாதுகாப்பை அவனே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பத்து மாத முன்பணத்துக்குச் சம்மதம் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்ட பிறகு, சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடுவதில் பயன் குறைவு. நாமும் வக்கீல் தொழிலில் இருப்பவரே. எங்களிடம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கே பதிவு அவசியம் என்று 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதிலிருந்து பிறந்த பழைய தந்திரம் அது. புதிய சட்டத்தில் காலம் குறுகியதாயினும் எழுத்தும் பதிவும் உண்டு.

இவ்வளவும் இருந்தும், படித்த வாலிபன் ஏன் ஒப்பந்தம் கேட்பதில்லை? வெட்கமே காரணம். “எங்களை நம்பவில்லையா, தம்பி?” என்று வீட்டுக்காரர் கேட்டால் அவன் வாய் அடைத்துப் போகிறது. நம்பிக்கை இருக்கும் இடத்திலும் காகிதம் தீங்கு செய்வதில்லை. வியாபாரத்தில் நெருங்கிய உறவினரும் கணக்கு எழுதியே பழகுகிறார்கள். தவிரவும், பட்டதாரியே கேட்காத காகிதத்தை, சனிக்கிழமைதோறும் வாரக் கூலி வாங்கி, ஒன்றரை ஷிப்டு உழைத்துக் களைத்து வருகிற தையல் தொழிலாளி கேட்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து, தமிழெழுத்தே அறியாமல் ஆறு பேராக ஓர் அறையில் தங்குகிறவன் கேட்பானா? படித்தவன் ஒருவன் கேட்டு வாங்கினால் அந்த லைனுக்கே அது வழக்கமாகிவிடும். படித்தவனும் வாய் மூடியிருந்தால் சட்டம் புத்தகத்தில் உறங்கும்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. திருப்பூரில் லைன் வீடு கட்டியவர்கள் எல்லோரும் பெருஞ்செல்வர்கள் அல்லர். பாங்கிக் கடனை வாடகையிலிருந்து கட்டுகிறவர்களும், வேலை செய்ய முடியாத வயதில் மூன்று அறை வாடகையை நம்பிப் பிழைக்கிற முதியவர்களும் அவர்களில் உண்டு. வாடகை பாக்கி வைத்து இரவோடிரவாக ஓடுகிறவர்களால் அவர்கள் நஷ்டப்படுகிறார்கள். எழுத்து ஒப்பந்தம் அவர்களுக்கும் கவசமே. வாலிபர்களும் தங்கள் கடமையில் தவறக் கூடாது. குறித்த தேதியில் வாடகை செலுத்துவதும், இரசீது பெறுவதும், நள்ளிரவில் கூச்சலிட்டு அக்கம்பக்கத்தாரை வதைக்காதிருப்பதும் உரிமை கேட்பவனுக்கு அழகாகும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் வீட்டுக்காரர்களுக்குப் பரிந்து பேச இயலாது. “சொந்த ஊர் எது? எந்தத் தெரு? குலதெய்வம் எது?” என்று அன்பாக விசாரிப்பதுபோல் விசாரித்து, ஜாதியை அறிந்துகொண்டு, “வீடு நேற்றே பேசியாயிற்று” என்று சொல்லி அனுப்புகிற வழக்கத்தைச் சொல்கிறோம். மதத்தைக் கேட்டும் இவ்வாறு செய்கிறார்கள். தீண்டாமையின் பேரால் ஒருவன் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். இதை நிரூபிப்பது கடினம் என்பதால் குற்றம் குற்றமல்லாமற் போகாது. இவ்விஷயத்தில் நாம் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது, வீடு மறுக்கப்பட்ட வாலிபனை அல்ல. வீடு கிடைத்த வாலிபனை. அந்தக் கேள்விக்கு ஏற்ற விடை தன்னிடம் இருந்ததால் அறை பெற்றவன், தனக்கு முன் வந்தவன் ஏன் திரும்பிப் போனான் என்று விசாரித்தானா? “அதைக் கேட்பதாயிருந்தால் உங்கள் வீடு எனக்கும் வேண்டாம்” என்று பத்துப் பட்டதாரிகள் சொல்வார்களானால், காலி அறைக்கு வாடகை வராத அந்த மாதமே பல குலதெய்வங்கள் மறந்து போகும்.

பெண் பட்டதாரிகளின் கஷ்டம் இதனினும் பெரிது. தனியே ஒரு பெண்ணுக்கு வீடு கொடுக்க யோசிக்கிறார்கள். ஆதலால் அவர்கள் தனியார் விடுதிகளை நாட வேண்டியிருக்கிறது. விடுதி அறைக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது. ஆனால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தனிச் சட்டம் ஏற்பட்டது. அதன்படி விடுதிக்கு ஜில்லாக் கலெக்டரின் லைசென்ஸ் வேண்டும். மகளைக் கொண்டுவந்து விடும் தகப்பனார், சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன் லைசென்ஸைக் காட்டச் சொல்ல வேண்டும்.

வாலிபர்கள் விழிப்பாயிருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1915-ல், முதல் உலக யுத்தத்தின் நடுவே, ஸ்காட்லாந்து தேசத்து கிளாஸ்கோ நகரில் கப்பல் பட்டறைகளுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஏராளமான தொழிலாளர் வந்து குவிந்தனர். அதைக் கண்டு வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். மேரி பார்பர் முதலிய பெண்மணிகளின் தலைமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்து நின்றன. அவ்வருஷ முடிவிற்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவில் நிறுத்திச் சட்டம் செய்தது. தொழில் வளர்ந்தால் வீட்டுப் பிரச்னை தனி மனிதன் பிரச்னையாக இராது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

நமது நாட்டிலும் வழி தெரியாமலில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதியைச் சிப்காட் ஸ்தாபனம் கட்டி, 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திறந்தது. செல்போன் தொழிலுக்குச் செய்ததைப் பனியன் தொழிலுக்கும் அதே அளவில் செய்வதில் என்ன தடை? வருஷந்தோறும் பல்லாயிரம் கோடி ரூபாய்ச் சரக்கை அனுப்பும் ஏற்றுமதியாளர்களும், வரி பெறும் மாநகராட்சியும், சர்க்காரும் ஒன்று கூடி, எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத, நியாய வாடகையுள்ள வீடுகளைக் கட்ட முன்வர வேண்டும். அதுவரையில், பதிவு செய்த ஒப்பந்தத்தின் மாதிரியை எளிய தமிழில் அச்சிட்டு, கம்பெனி வாசலிலும் கல்லூரிகளிலும் வழங்குவதற்கு அதிகச் செலவாகாது.

1932-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தேசக்கொடியைக் கையில் ஏந்தித் தடியடிபட்டு உயிர் நீத்த குமரன் திருப்பூரில் பிறந்தவரல்லர். சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்தவர். அந்நியனாக வந்த ஒரு வாலிபனுடைய பெயரையே தன் பெயரோடு சேர்த்து வழங்கிப் பெருமை கொள்ளும் ஊர் இது. இன்று பெட்டியுடன் வந்து இறங்குகிறவனை ஜாதி கேட்டுத் திருப்பியனுப்புவதும், காகிதமில்லாமல் அவன் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதும் அப்பெயருக்குப் பொருந்துமா என்பதைத் திருப்பூர்ப் பெருமக்கள் யோசிப்பார்களாக. வந்திறங்கும் வாலிபர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. தண்ணீரைப் பாருங்கள், தூரத்தை அளந்து பாருங்கள், ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, முழுதும் படித்து, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். உங்கள் அடுத்த அறையில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவன் குடியிருக்கிறான் என்பதை மறவாதீர்கள்.